மேக்னடோஸ்ட்ரிக்டிவ் பொசிஷன் சென்சார்: இயங்கும் விதமும் பொருத்தும் முறையும் – முழுமையான வழிகாட்டி

ஹைட்ராலிக் சிலிண்டருக்குள் பிஸ்டன் எங்கே நிற்கிறது என்பது வெளியிலிருந்து கண்ணுக்குத் தெரியாது. உள்ளே பல நூறு பார் அழுத்தத்தில் எண்ணெய், வெளியே அதிர்வும் வெப்பமும். இந்த நிலையில் பிஸ்டனின் இடத்தை விநாடிக்குப் பல நூறு முறை சொல்ல வேண்டும், ஆண்டுக்கணக்கில் தேயக் கூடாது, கரண்ட் போய்த் திரும்பினாலும் ஹோமிங் (தொடக்கப் புள்ளியைத் தேடும் ஓட்டம்) ஓட்டாமல் சரியான எண்ணைத் தர வேண்டும். இந்த மூன்றையும் ஒருசேர நிறைவேற்றுவதால்தான் இன்ஜெக்ஷன் மோல்டிங் மெஷின், ஹைட்ராலிக் பிரஸ், எஃகு உருட்டாலை, மர அறுவை ஆலை, அணையின் மதகு என்று பல இடங்களில் மேக்னடோஸ்ட்ரிக்டிவ் சென்சார் நிலைத்துவிட்டது.

ஒன்றை முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கருவி நேரடியாக அளப்பது நேரத்தைத்தான். தூரம் அந்த நேரத்திலிருந்து கணக்கிடப்படுகிறது. பித்தளை ஸ்க்ரூ போடு, இரும்பைத் தள்ளி வை, ஷீல்டைச் சரியாகக் கட்டு என்று மேனுவல் சொல்லும் விதிகள் பெரும்பாலும் இந்த ஒரு விஷயத்திலிருந்து பிறந்தவை. காரணம் புரிந்தவருக்கு விதி மறக்காது. ஆகவே, ஸ்பேனரைக் கையில் எடுக்கும் முன் உள்ளே நடப்பதைப் பார்த்துவிடுவோம்.

உள்ளே நடப்பது

இரும்பைக் காந்தப்புலத்தில் வைத்தால் அதன் நீளம் மிக மிகச் சிறிய அளவில் மாறும் என்பதை 1842-இல் கண்டவர் ஜேம்ஸ் பிரஸ்காட் ஜூல். இதற்குத்தான் மேக்னடோஸ்ட்ரிக்ஷன் என்று பெயர். மின்சாரம் ஓடும் இரும்புக் கம்பியின் நீளவாக்கில் ஒரு காந்தப்புலமும் சேர்ந்தால் கம்பி முறுக்கிக்கொள்ளும் என்பதை குஸ்தாவ் வீடமான் கண்டார். ஜூல் கண்டதற்கு நேர்மாறானதை, அதாவது இழுத்தாலோ அழுத்தினாலோ பொருளின் காந்தத் தன்மை மாறுவதை, 1865-இல் எமிலியோ வில்லாரி காட்டினார். இந்த சென்சாருக்குள் வீடமான் விளைவு அலையை உண்டாக்குகிறது, வில்லாரி விளைவு அதைப் பிடிக்கிறது.

துருப்பிடிக்காத எஃகுக் குழாய்க்குள் ஒரு மெல்லிய நிக்கல்-இரும்புக் கலவைக் கம்பி (சில தயாரிப்புகளில் நுண்குழாய்) நீளமாக ஓடுகிறது. இதுதான் வேவ்கைடு. குழாய்க்கு வெளியே, நகரும் பாகத்தோடு சேர்ந்து ஒரு நிலைக்காந்தம் நகர்கிறது. காந்தம் குழாயைத் தொடுவதே இல்லை.

தலைப்பகுதியில் உள்ள எலக்ட்ரானிக்ஸ், ஓரிரு மைக்ரோ விநாடி மட்டும் நீடிக்கும் ஒரு மின்துடிப்பை வேவ்கைடு வழியே அனுப்புகிறது. அந்தத் துடிப்பு கம்பியைச் சுற்றி வளையமாக ஒரு காந்தப்புலத்தை எழுப்புகிறது. வெளிக்காந்தத்தின் புலம் கம்பியின் நீளவாக்கில் அமைந்திருக்கிறது. இரண்டும் சேரும் இடத்தில் புலம் திருகுவடிவம் கொள்ள, கம்பி அந்த ஓர் இடத்தில் மட்டும் வெடுக்கென்று முறுக்கிக்கொள்கிறது. அந்த முறுக்கு, அலையாக இரு பக்கமும் ஓடத் தொடங்குகிறது. நுனியை நோக்கி ஓடும் அலையை அங்குள்ள டேம்பர் விழுங்கிவிடுகிறது. விழுங்காவிட்டால் அது எதிரொலித்துத் திரும்பி வந்து கணக்கைக் குழப்பும். தலையை நோக்கி ஓடும் அலையை அங்குள்ள சுருள் மின்சிக்னலாக மாற்றுகிறது.

மின்துடிப்பு கிளம்பிய கணத்துக்கும் அலை வந்து சேர்ந்த கணத்துக்கும் இடைப்பட்ட நேரம்தான் அளவு. மின்னலைப் பார்த்ததிலிருந்து இடி கேட்கும் வரை எண்ணி, மின்னல் எவ்வளவு தூரத்தில் வெட்டியது என்று கணக்கிடுவோமே, அதே வழிதான். மின்துடிப்பு கணநேரத்தில் கடந்துவிடுகிறது. முறுக்கு அலைதான் மெதுவாக வருகிறது.

மெதுவாக என்றாலும் விநாடிக்கு ஏறத்தாழ 2,800 மீட்டர். இந்த ஓர் எண்ணை வைத்துக்கொண்டு மற்றவற்றை நீங்களே கணக்கிடலாம். 1 மி.மீ. கடக்க அலைக்குச் சுமார் 0.36 மைக்ரோ விநாடி ஆகிறது. 1 மைக்ரான் நகர்வைப் பிரித்தறிய வேண்டுமென்றால் எலக்ட்ரானிக்ஸ் 0.36 நானோ விநாடி வித்தியாசத்தைக் காண வேண்டும். 1 மீட்டர் சென்சாரில் காந்தம் கடைசியில் நிற்கும்போது அலை வந்து சேரவே 357 மைக்ரோ விநாடி. ஆகவே, விநாடிக்கு ஏறக்குறைய 2,800 தடவைக்கு மேல் அளக்க இயற்கையே இடம் தராது. 5 மீட்டர் சென்சாரில் அது சுமார் 560 தடவையாகக் குறைகிறது. முந்தைய அலை வந்து சேரும் முன்பே அடுத்த துடிப்பை அனுப்பி, நடுவே கணித்த மதிப்புகளைத் தந்து இந்த வரம்பைத் தாண்டும் மாடல்களும் உண்டு. நீளமான சென்சாரை வேகமான சர்வோ லூப்பில் (அளவைப் பார்த்துப் பார்த்து இயக்கத்தைத் திருத்தும் கட்டுப்பாடு) போடப்போகிறவர் வாங்கும் முன்பே இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிடுவது நல்லது.

அலையின் வேகம் கம்பியின் முறுக்கு விறைப்பையும் அடர்த்தியையும் பொறுத்தது. வெப்பம் ஏறினால் சாதாரண உலோகத்தின் விறைப்பு குறையும், வேகமும் மாறும். அதனால்தான் வெப்பத்துக்கு விறைப்பு பெரிதாக மாறாத கலவையைத் தேடி எடுத்து வேவ்கைடு செய்கிறார்கள். மெஷினின் சாதாரண அதிர்வு இந்த அளவீட்டைக் கெடுக்காததற்கும் காரணம் இங்கேதான் இருக்கிறது: சுருள் எதிர்பார்ப்பது மைக்ரோ விநாடிக் கணக்கிலான முறுக்கு அலையை. மெஷின் குலுங்குவது அதைவிடப் பல மடங்கு குறைந்த அதிர்வெண்ணில்.

படி 1: எந்த வகை?

உடலமைப்பில் இரண்டு முக்கிய வகைகள். ராடு வகை சிலிண்டருக்குள் நேராக நுழைவது. குழாயே அழுத்தத்தைத் தாங்கும். 350 பார் தொடர் அழுத்தம் பல மாடல்களில் சர்வசாதாரணம். புரொஃபைல் வகை, அலுமினியச் சட்டத்துக்குள் அமைந்தது. மெஷினின் பக்கவாட்டில் வெளியே பொருத்தலாம். இவை தவிர, நேரான கம்பியை நுழைக்க இடமில்லாத நீளமான சிலிண்டர்களுக்கு வளையக்கூடிய ராடும், தொட்டியில் திரவ மட்டத்தை அளக்க மிதவைக் காந்தத்தோடு வரும் வகையும் இருக்கின்றன. திரவ மட்ட வகையில் ஒரே ராடில் இரண்டு மிதவைகள் போட்டு எண்ணெயின் மேல்மட்டத்தையும், அடியில் தங்கிய நீரின் மட்டத்தையும் சேர்த்தே அளக்கலாம். ஒவ்வொரு காந்தமும் தனக்கென ஓர் அலையை எழுப்புவதால் இது முடிகிறது. இரண்டு அலைகள் ஒன்றோடொன்று கலக்காதிருக்க, காந்தங்களுக்கு நடுவே மேனுவல் சொல்லும் குறைந்தபட்ச இடைவெளி வேண்டும். 75 மி.மீ. என்பது அடிக்கடி காணும் எண்.

அவுட்புட் தேர்வில்தான் பலரும் அவசரப்படுகிறார்கள். 0–10 வோல்ட், 4–20 மில்லி ஆம்பியர் ஆகிய அனலாக் வகைகள் எந்த பிஎல்சியிலும் (மெஷினைக் கட்டுப்படுத்தும் கணினி) சேரும். ஆனால் சென்சாரின் துல்லியம் முழுக்க அனலாக் கார்டைத் தாண்டி உள்ளே வராது. 1,000 மி.மீ. ஸ்ட்ரோக்கை (பிஸ்டன் ஓடும் தூரம்) 0–10 வோல்ட்டாக மாற்றி 12-பிட் கார்டில் கொடுத்தால், கார்டு காணும் மிகச் சிறிய படி 0.24 மி.மீ. சில மைக்ரான் தெளிவுள்ள சென்சாரை வாங்கி அதில் இணைப்பது வீண் செலவு. கதவு திறந்ததா, மதகு எவ்வளவு ஏறியது என்று பார்க்க அனலாக் போதும். சர்வோ கட்டுப்பாட்டுக்கு எஸ்எஸ்ஐ (கிளாக் துடிப்புக்கு ஏற்ப எண்ணை பிட் பிட்டாக அனுப்பும் முறை), அல்லது கன்ட்ரோலர் ஏற்கும் ஈதர்கேட், புரொஃபிநெட் போன்ற டிஜிட்டல் வகையை எடுங்கள் என்பதே என் திட்டமான கருத்து. ஸ்டார்ட்/ஸ்டாப் என்றொரு வகையும் உண்டு. அது தூரத்தைக் கணக்கிட்டுத் தராது, இரண்டு துடிப்புகளை மட்டும் தரும். நேரத்தை எண்ணுவது கன்ட்ரோலரின் வேலை. எளிமையானது, உறுதியானது. ஆனால் கிரேடியன்ட் என்ற எண்ணை (அந்த வேவ்கைடில் அலை ஓடும் வேகம்) நீங்கள் கையால் உள்ளிட வேண்டும். அதைப் பற்றிக் கீழே விரிவாகப் பார்ப்போம்.

படி 2: நீளக் கணக்கு

ஸ்ட்ரோக்கும் ராடின் மொத்த நீளமும் ஒன்றல்ல. தலைக்கு அருகே உள்ள கொஞ்ச தூரத்தில் காந்தம் வந்தால், மின்துடிப்பின் சலசலப்பு அடங்கும் முன்பே அலை வந்துவிடும். அதைப் பிரித்தறிய முடியாது. நுனியில் டேம்பர் இருப்பதால் அங்கும் அளக்க இயலாது. இந்த இரண்டும் பயன்படாத பகுதிகள். ராடு வகைகள் பலவற்றில் தலைப்பக்கம் சுமார் 50 மி.மீ., நுனிப்பக்கம் சுமார் 60 மி.மீ. இருக்கும். நீளம் கூடக்கூட நுனிப்பகுதியும் சில மாடல்களில் கூடும். நீங்கள் வாங்கும் மாடலின் வரைபடத்தில் உள்ள எண்ணே இறுதி.

ஆகவே 500 மி.மீ. ஸ்ட்ரோக் வேண்டுமென்றால் ராடு ஏறக்குறைய 610 மி.மீ. நீளும். பிஸ்டன் ராடில் துளையிடும் ஆழம் அதைவிடவும் சற்றுக் கூடுதலாக இருக்க வேண்டும். சிலிண்டர் முழுக்க உள்ளே வந்த நிலையில் சென்சாரின் நுனி துளையின் அடியில் முட்டினால் ஒரே ஓட்டத்தில் ராடு வளைந்துவிடும். வரைபடத்தில் சிலிண்டரை முழுக்க உள்ளே இழுத்த நிலையில் ஒரு தடவை, முழுக்க வெளியே தள்ளிய நிலையில் ஒரு தடவை வரைந்து, இரண்டிலும் காந்தம் அளக்கும் பகுதிக்குள்தான் நிற்கிறதா என்று சரிபாருங்கள். முன்னும் பின்னும் சில மி.மீ. உபரி விட்டு ஆர்டர் செய்வது புத்திசாலித்தனம்.

படி 3: சிலிண்டரைத் தயார் செய்தல்

சிலிண்டரின் பின்மூடியில் சென்சாரின் மரையை ஏற்கும் போர்ட் வெட்ட வேண்டும். எம்18×1.5 மெட்ரிக் மரையும் முக்கால் அங்குல யுஎன்எஃப் மரையும் பரவலாகக் கிடைக்கின்றன. ஓ-ரிங் அமரும் சரிவும், சென்சாரின் ஃபிளேஞ்ச் அமரும் முகமும் துளைக்குச் செங்குத்தாகவும் வழவழப்பாகவும் இருக்க வேண்டும். ஃபிளேஞ்ச் முகம் முழுமையாகப் படியாவிட்டால், ராடு சிலிண்டரின் மையக்கோட்டிலிருந்து விலகிச் சாயும். தலையில் அரை டிகிரி சாய்வு, 1 மீட்டர் தள்ளி நுனியில் ஏறக்குறைய 9 மி.மீ. விலகலாகிவிடும். அதற்குள் காந்தம் உரசத் தொடங்கியிருக்கும்.

பிஸ்டன் ராடின் நடுவே ஆழத்துளை போட வேண்டும். சென்சார் குழாய் 10 மி.மீ. விட்டம் என்றால் துளை 13 மி.மீ. அளவுக்காவது இருக்க வேண்டும். நீளமான ஸ்ட்ரோக்குக்கு இன்னும் பெரிது. இந்தத் துளையைச் சுத்தம் செய்வதில் மட்டும் சோம்பல் கூடாது. துளையிட்ட இரும்புச் சீவல் ஒன்று உள்ளே தங்கினாலும், எண்ணெயோடு மிதந்து வந்து காந்தத்தில் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய இடத்தில் காந்தப்புலம் கோணும், அலை எழும் இடம் நகரும், அளவு தவறும். சீவல் குழாய்க்கும் காந்தத்துக்கும் நடுவே மாட்டினால் குழாயையே கீறிவிடும். அழுத்தமாக எண்ணெய் பாய்ச்சிக் கழுவி, காற்றடித்து, பளிச்சென்ற விளக்கை உள்ளே காட்டிப் பாருங்கள்.

வெல்டிங் வேலை எதுவானாலும் சென்சார் போடும் முன்பே முடித்துவிட வேண்டும். பின்னால் தவிர்க்க முடியாத வெல்டிங் வந்தால் சென்சாரின் கனெக்டரைக் கழற்றினால் மட்டும் போதாது, சென்சாரையே எடுத்துவிடுவது பாதுகாப்பு. வெல்டிங் மின்சாரம் தன் திரும்பும் பாதையாக எதைத் தேர்ந்தெடுக்கும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது.

படி 4: காந்தத்தைப் பொருத்துதல்

மொத்த வேலையிலும் அதிக நிதானம் தேவைப்படும் இடம் இதுதான். நடுவில் ஓட்டையுள்ள வளையக் காந்தம், பிஸ்டனின் முகத்தில் வெட்டிய குழிக்குள் அமர்கிறது. பிஸ்டனோ எஃகு. எஃகின் மீது காந்தத்தை நேரடியாக வைத்தால் அதன் புலத்தில் பெரும்பகுதியை எஃகே இழுத்துக்கொள்ளும். வேவ்கைடு வரை போய்ச் சேரும் புலம் மெலியும். அலை பலவீனமாகும். சில நேரம் சிக்னலே இருக்காது. அதைவிட மோசமானது, சில நேரம் இருந்து சில நேரம் இல்லாமல் போவது.

ஆகவே காந்தத்துக்கும் எஃகுக்கும் நடுவே காந்தமேற்காத ஸ்பேசர் வேண்டும். பித்தளை, அலுமினியம், பிளாஸ்டிக், 304 அல்லது 316 வகை ஸ்டெயின்லெஸ் எதுவானாலும் சரி. தடிமன் பொதுவாகக் குறைந்தது 5 மி.மீ. மாடலுக்கு ஏற்ப மேனுவல் கூட்டிச் சொல்லலாம். காந்தத்தைச் சுற்றி வெளி விளிம்பிலும் குழியின் எஃகுச் சுவர் நெருங்கக் கூடாது. அங்கும் இடைவெளியோ காந்தமேற்காத வளையமோ தேவை.

இறுக்கும் ஸ்க்ரூக்களும் அப்படியே. கையில் கிடைத்த கருப்பு ஆலன் ஸ்க்ரூவைப் போடும் பழக்கம் இந்த வேலையில் கைகொடுக்காது. பித்தளை அல்லது ஆஸ்டெனிடிக் (304, 316 போன்ற) ஸ்டெயின்லெஸ் மட்டுமே. ஸ்டெயின்லெஸ் என்று பெட்டியில் எழுதியிருந்தாலும் ஒரு சின்னக் காந்தத்தை அருகே கொண்டுபோய்ப் பாருங்கள். லேசாக ஈர்த்தால் பெரிய பாதகமில்லை, ஏனெனில் மரை உருட்டும்போது அந்த வகை ஸ்டெயின்லெஸ்கூடச் சற்றுக் காந்தமேறும். பாய்ந்து ஒட்டிக்கொண்டால் அந்த ஸ்க்ரூவை ஒதுக்கிவிடுங்கள். வளையக் காந்தம் உடையும் பொருளாலானது. ஸ்க்ரூக்களை ஒவ்வொன்றாக முழுக்க முறுக்காமல், எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். அதிர்வில் கழலாதிருக்க மரைப் பசை போடலாம், அல்லது ஸ்னாப் ரிங்கால் தடுக்கலாம். ஸ்னாப் ரிங் எந்த உலோகம் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

புரொஃபைல் வகைக்கு விதிகள் இதே மாதிரிதான், வேலை இன்னும் எளிது. சட்டத்தின் மேல் வழுக்கி ஓடும் காந்தமென்றால் பந்து மூட்டுக் கையால் மெஷினோடு இணைக்கலாம். மெஷினின் சிறு விலகலை அந்த மூட்டு ஏற்றுக்கொள்ளும். தொடாமல் மிதந்து செல்லும் காந்தமென்றால், சட்டத்துக்கும் காந்தத்துக்கும் உள்ள இடைவெளி முழு ஓட்டத்திலும் ஒரே அளவாக இருக்க வேண்டும். அந்த இடைவெளி மாறினால் அளவும் மாறும்.

படி 5: சென்சாரை நிறுவுதல்

சிலிண்டரில் அழுத்தம் முற்றிலும் வடிந்துவிட்டதா, அக்குமுலேட்டர் (அழுத்த எண்ணெயைச் சேமிக்கும் கலன்) காலியா என்று உறுதி செய்த பிறகே ஆரம்பியுங்கள். ராடை நுழைக்கும் முன் ஒரு சிறிய சோதனை செய்வது உங்கள் நேரத்தைப் பெரிதும் மிச்சப்படுத்தும். சென்சாரை மேஜை மீது மரக்கட்டைகளில் வைத்து, கரண்ட் கொடுத்து, அதே வகைக் காந்தம் ஒன்றைக் கையால் ராடின் மேல் மெதுவாக நகர்த்துங்கள். திரையில் எண் தலையிலிருந்து நுனி வரை தடங்கலின்றி ஏற வேண்டும். காந்தத்தை அசையாமல் பிடித்தால் எண்ணின் கடைசி இலக்கம் மட்டும் லேசாக ஆடலாம், அதற்கு மேல் ஆடக் கூடாது. இங்கே சரியாக வேலை செய்து சிலிண்டருக்குள் போனபின் கோளாறு காட்டினால், தேட வேண்டியது சென்சாரை அல்ல, அதைச் சுற்றியுள்ளதை.

ஓ-ரிங்கின் ரப்பர், சிலிண்டரில் ஓடும் திரவத்துக்கு ஏற்றதா என்று பாருங்கள். கனிம எண்ணெய்க்கு நைட்ரைல் போதும், சில தீத்தடுப்புத் திரவங்களுக்கு வேறு ரப்பர் வேண்டும். ஓ-ரிங்கில் கொஞ்சம் எண்ணெய் தடவி, ராடைக் காந்தத்தின் நடு ஓட்டை வழியே நேராக, உரசாமல் உள்ளே விடுங்கள். முதல் சில மரைகளைக் கையால்தான் ஏற்ற வேண்டும். பிறகு அறுகோணப் பகுதியில் மட்டும் ஸ்பேனரை வைத்து, டார்க் ரெஞ்சால் மேனுவலில் உள்ள அளவுக்கு இறுக்குங்கள். எலக்ட்ரானிக்ஸ் உள்ள தலையைப் பிடித்துத் திருகுவது சென்சாரின் ஆயுளை அங்கேயே முடித்துவிடும்.

கிடைமட்டமாகப் பொருத்தும் ராடு 1 மீட்டருக்கு மேல் நீண்டால் தன் எடையாலேயே தொய்யும். நுனியைத் தாங்க ஓர் ஆதாரம் வேண்டும். நடுவிலும் தாங்க வேண்டிய அளவு நீளமென்றால் முழு வளையக் காந்தம் ஒத்துவராது, ஆதாரத்தைத் தாண்டிச் செல்லத்தக்க ஒரு பக்கம் திறந்த காந்தம் தேவை. ஆதாரங்களும் காந்தமேற்காத பொருளாகவே இருக்கட்டும்.

சுற்றுப்புறத்தையும் ஒரு பார்வை பாருங்கள். சோலனாய்டு வால்வு, பெரிய மோட்டார், காந்தக் கிளாம்ப் ஆகியவை ராடின் அருகே இருந்தால் அவற்றின் புலமும் வேவ்கைடுக்குத் தெரியும்.

படி 6: வயரிங்

இணைப்பு முனைகளின் வரிசை மாடலுக்கு மாடல் மாறும் என்பதால் நிறத்தை நினைவிலிருந்து எடுக்க வேண்டாம். தாளைப் பார்த்தே இணையுங்கள். சப்ளை பொதுவாக 24 வோல்ட் டிசி. ஒரே பவர் சப்ளையில் சோலனாய்டுகளையும் சென்சாரையும் சேர்த்து ஓட்டுவதை நான் ஆதரிப்பதில்லை. வால்வு அணையும் ஒவ்வொரு முறையும் எழும் மின்னழுத்தத் துள்ளல் நேராகச் சென்சாருக்குள் போகும். ஒரு சிறிய தனி சப்ளையின் விலை, பின்னால் வரும் தலைவலியோடு ஒப்பிட்டால் ஒன்றுமில்லை.

கேபிள் ஷீல்டு உள்ளதாக, ஜோடி ஜோடியாக முறுக்கியதாக இருக்க வேண்டும். எஸ்எஸ்ஐயில் கிளாக் பிளஸ், கிளாக் மைனஸ் இரண்டும் ஒரே ஜோடியிலும், டேட்டா பிளஸ், டேட்டா மைனஸ் இரண்டும் மற்றொரு ஜோடியிலும் போக வேண்டும். ஜோடியைக் கலைத்து இணைத்தால் மேஜையில் வேலை செய்யும், மெஷினில் நீளமான கேபிளில் தகராறு செய்யும். எஸ்எஸ்ஐயின் கிளாக் வேகத்தையும் கேபிள் நீளத்துக்கு ஏற்பக் குறைக்க வேண்டும். சில மீட்டருக்கு 1 மெகாஹெர்ட்ஸ் ஓடலாம், 100 மீட்டருக்கு 200 கிலோஹெர்ட்ஸ் அளவுக்கு இறங்க வேண்டியிருக்கும்.

ஷீல்டை எங்கே எர்த் செய்வது? அனலாக் வகையில் பேனல் பக்கம் ஒரே முனையில் எர்த் செய்வது பரவலான நடைமுறை. இரு முனையும் கட்டினால், மெஷினின் எர்த்துக்கும் பேனல் எர்த்துக்கும் உள்ள வித்தியாசத்தால் ஷீல்டிலேயே மின்சாரம் ஓடும். ஈதர்நெட் சார்ந்த வகைகளில் கனெக்டரின் உலோக உறை வழியாக இரு முனையும் இணைவதே இயல்பு. இரண்டிலும், சென்சாரின் உடலுக்கு மெஷின் சட்டத்தோடு நல்ல எர்த் இணைப்பு கட்டாயம். பெயின்ட் அடித்த பரப்பின் மேல் ஸ்க்ரூ முறுக்கியதை எர்த் என்று எண்ண வேண்டாம். ஷீல்டின் பின்னலை நீளமான வால் போலத் திரித்து டெர்மினலில் கட்டுவதைவிட, முழுச் சுற்றையும் பிடிக்கும் உலோகக் கிளாம்பில் கட்டுவது மேல்.

மோட்டார் டிரைவிலிருந்து செல்லும் பவர் கேபிளோடு ஒரே டிரேயில் சென்சார் கேபிளை ஓட்டக் கூடாது. குறுக்கே கடக்க வேண்டியிருந்தால் செங்கோணத்தில் கடக்கட்டும்.

படி 7: முதல் ஓட்டமும் அளவு அமைப்பும்

அனலாக் வகையில் கணக்கு எளிது. 500 மி.மீ. ஸ்ட்ரோக்கில் 4–20 மில்லி ஆம்பியர் என்றால் ஒரு மி.மீ.க்கு 0.032 மில்லி ஆம்பியர். பிஸ்டனை முழுக்க உள்ளே கொண்டுவந்து தொடக்கப் புள்ளியைப் பதிவு செய்யுங்கள், முழுக்க வெளியே கொண்டுபோய் முடிவுப் புள்ளியைப் பதிவு செய்யுங்கள். பல மாடல்களில் இதைச் சென்சாரிலேயே அமைக்கலாம். என்னைக் கேட்டால் சென்சாரைத் தொழிற்சாலை அமைப்பிலேயே விட்டுவிட்டு, அளவு மாற்றத்தை பிஎல்சியில் செய்யுங்கள். நள்ளிரவில் சென்சாரை மாற்ற வருகிறவருக்கு அது பெரிய உதவி.

ஸ்டார்ட்/ஸ்டாப் வகையில் கிரேடியன்ட் முக்கியம். ஒவ்வொரு வேவ்கைடிலும் அலையின் வேகம் கொஞ்சம் மாறும் என்பதால், தயாரிப்பாளர் அளந்து லேபிளில் அச்சிட்டிருப்பார். லேபிளில் விநாடிக்கு 2,830 மீட்டர் என்றிருக்கிறது, கன்ட்ரோலர் 247.3 மைக்ரோ விநாடி எண்ணியது என்று வைத்துக்கொள்வோம். இரண்டையும் பெருக்கினால் 699.86 மி.மீ. அதே இடத்தில் 2,820 என்று தவறாக உள்ளிட்டிருந்தால் 697.39 மி.மீ. வரும். கிட்டத்தட்ட இரண்டரை மி.மீ. பிழை. தலைக்கு அருகே இந்தப் பிழை சிறிதாக இருக்கும், தூரம் கூடக்கூட வளரும். இப்படி ஸ்ட்ரோக்கோடு சேர்ந்து வளரும் பிழையைக் கண்டால் முதலில் கிரேடியன்டைச் சந்தேகியுங்கள். முழு நீளத்திலும் ஒரே அளவு விலகினால் அது தொடக்கப் புள்ளி அமைப்பின் கோளாறு.

எஸ்எஸ்ஐயில் பிட் எண்ணிக்கை, பைனரியா கிரே கோடா (அடுத்தடுத்த எண்களில் ஒரு பிட் மட்டும் மாறும் குறியீடு), ஒரு எண்ணுக்கு எத்தனை மைக்ரான் ஆகிய மூன்றும் கன்ட்ரோலரில் பொருந்த வேண்டும். கிரே கோடை பைனரி என்று படித்தால், பிஸ்டன் சீராக நகரும்போதும் எண் முன்னும் பின்னும் தாறுமாறாகக் குதிக்கும். அந்தக் குதிப்பைப் பார்த்து எலக்ட்ரிக்கல் நாய்ஸ் என்று நினைத்துக் கேபிளை மாற்றிக்கொண்டிருக்க வேண்டாம்.

எண் சரியாக வந்தபின் குறைந்த அழுத்தத்தில், மெதுவான வேகத்தில் முழு ஸ்ட்ரோக்கும் ஓட்டுங்கள். டிரெண்ட் வரைபடத்தில் கோடு வெட்டில்லாமல் போக வேண்டும். பிஸ்டனை நிறுத்தி எண்ணின் ஆட்டத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு மோட்டார் டிரைவை ஓடவிட்டு மறுபடி பாருங்கள். ஆட்டம் கூடினால் வயரிங் வேலை இன்னும் முடியவில்லை என்று அர்த்தம். சர்வோ லூப்பை இப்போதே டியூன் செய்யத் தொடங்கினால், நாய்ஸை மறைக்க ஃபில்டரை ஏற்றி, ஃபில்டர் தரும் தாமதத்தைச் சமாளிக்க கெயினைக் குறைத்து, முடிவில் மந்தமான மெஷின்தான் மிஞ்சும்.

கோளாறுகளைப் படித்தல்

சிக்னலே இல்லையென்றால், அல்லது எண் வரம்புக்கு வெளியே போய் நின்றால், சென்சார் காந்தத்தைக் காணவில்லை. காந்தம் பயன்படாத பகுதிக்குள் போய்விட்டதா, கழன்று விழுந்ததா, உடைந்ததா என்று பாருங்கள். குறிப்பிட்ட ஓர் இடத்தில் மட்டும் எண் குதித்தால் அது இயந்திரக் காரணம்: அந்த இடத்தில் ராடு வளைந்திருக்கலாம், அருகே இரும்பு ஆதாரம் இருக்கலாம். இடம் எதுவானாலும் குறிப்பிட்ட நேரத்தில், அதாவது ஒரு வால்வு போடும்போதோ மோட்டார் கிளம்பும்போதோ, குதித்தால் அது மின்சாரக் காரணம். இந்த ஒரு கேள்வி, இடமா நேரமா என்பது, பாதித் தேடலைக் குறைத்துவிடும்.

எண் நாள்கணக்கில் மெல்ல மெல்ல விலகினால் சென்சாரைக் குறைசொல்லும் முன் காந்தத்தைப் பாருங்கள். ஸ்க்ரூ தளர்ந்து காந்தம் குழிக்குள் ஆடினால் அந்த ஆட்டம் அப்படியே அளவில் வரும். காந்தத்தில் இரும்புத்தூள் படிந்தாலும் இதே அறிகுறிதான். அப்போது எண்ணெய் ஃபில்டரையும் பார்க்க வேண்டும், ஏனெனில் அந்தத் தூள் எங்கிருந்தோ தேய்ந்துதான் வருகிறது.

சென்சாரை மாற்றும்போது

ராடு வகைகள் பலவற்றில் அழுத்தத்தைத் தாங்கும் குழாயைச் சிலிண்டரிலேயே விட்டுவிட்டு, வேவ்கைடையும் எலக்ட்ரானிக்ஸையும் மட்டும் பின்னாலிருந்து உருவி எடுக்க முடியும். எண்ணெயை வடிக்க வேண்டாம், சீல் உடைபடாது. உங்கள் மாடலில் இந்த வசதி உண்டா என்று வாங்கும்போதே கேளுங்கள், சிலிண்டருக்குப் பின்னால் உருவி எடுக்கும் அளவுக்கு இடமும் விட்டு வையுங்கள். சுவரை ஒட்டிப் பொருத்திய சிலிண்டரில் இந்த வசதி இருந்தும் பயனில்லை.

புதிய பாகம் போட்டபின் அதன் லேபிளில் உள்ள கிரேடியன்ட் பழையதிலிருந்து மாறியிருக்கும். கன்ட்ரோலரில் அதை மாற்றுங்கள். தொடக்கப் புள்ளியை மறுபடி சரிபார்த்து, நிற்கும்போது எண் எவ்வளவு ஆடுகிறது என்பதை முதல் ஓட்டத்தில் குறித்ததோடு ஒப்பிட்டபின் மெஷினை உற்பத்திக்கு விடலாம்.